பச்சை ஒயரும் ஐந்து கிணறுகளும்

திருநெல்வேலிக்குப் போகிறேன் என்று சொன்னதும் அலுவலகத்தில் எல்லோரும் அல்வா கேட்டார்கள். வேலை நல்லபடியாக முடியட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முடியாது என்று அவர்கள் முன்பே தீர்மானித்துவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன். எதையும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வது என் சுபாவம். இந்த முறை கூடுதலாக எடுத்துக்கொண்டதாகத் தோன்றவில்லை.

நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில். தொழிற்சாலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் மோட்டார்களைக் கவனித்துக்கொள்ளும் சின்னக் கணினிகளைச் செய்கிறோம். மகள் பிறக்கும்வரை ஊர் ஊராகப் போய் அவற்றைப் பொருத்தி ஓடவைப்பதுதான் என் வேலை. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது மேசையே இடம் மாறியிருந்தது. "இனி நீங்க கையேடு எழுதுங்க. அலைச்சல் இருக்காது பாருங்க" என்றார் மேலாளர். எனக்கு நல்லது செய்வதாக அவர் மனதார நம்பினார். அதுதான் அதில் கொடுமை.

கையேடு எழுதிக்கொண்டே இருந்தேன். தாமிரபரணிக் கரையில் ஒரு குடிநீர் நிலையத்தில் கணினிக்குள் சீரியல் போர்டு பொருத்த ஆள் வேண்டும், வழக்கமாகப் போகிறவர்கள் எல்லாரும் வேறு ஊர்களில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் அறைக்குள் போய், "நான் போறேன் சார்" என்றேன். பேனாவை மூடித் திறந்துவிட்டுச் சொன்னார்: "சரி, போங்க. இது சரியா வந்தா மேற்கொண்டு பார்க்கலாம். வரலேன்னா கையேடுதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

ஆகவே இது ஊர் சுற்றிப் பார்த்த கதை இல்லை. ஊர் அதுவாக வந்து குறுக்கே விழுந்தது.

மகள் மகிழினிக்கு ஒன்றேகால் வயது. இன்னும் பால் மறக்கவில்லை. எனவே அவளும் வர வேண்டும். அவள் வந்தால் தூக்கிக்கொள்ள ஓர் ஆள் வர வேண்டும். என் கணவர் பிரபு பள்ளியில் வரலாறு நடத்துபவர். காலாண்டு விடுமுறையில் இருந்தார். "நீ வேலையப் பாரு, நான் அப்படியே கொற்கை பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். பாண்டியர் துறைமுகத்தைப் பார்க்கும் ஆசையில் வந்தவருக்குக் கடைசிவரை ஈரத்துணி காயப்போட்டதுதான் மிச்சம்.

சந்திப்புப் பேருந்து நிலையத்தில் மேற்கே போகும் பேருந்தில் ஏறினோம். வெளியே வயல், வாழை, வாய்க்கால், மறுபடி வயல். எங்கள் பக்கம் தண்ணீரைக் குழாயில் பார்ப்போம். இங்கே அது சாலையோடு கூடவே வந்துகொண்டிருந்தது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் ஒரு கல்யாண வீட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொதியில தேங்காப்பால் பத்தலன்னு மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாராம்."

"அவருக்கு மொகமே அப்படித்தாம்ட்டி. தேங்காப்பால் என்ன செய்யும்?"

நான் சிரித்ததில் மகிழினி விழித்து அழுதாள். அவளைச் சமாதானம் செய்வதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. நான் குழந்தையோடு இறங்க, பிரபு பையோடு இறங்க, விசில் ஊதி வண்டி கிளம்பிவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரே மாதிரியான இரண்டு கறுப்புப் பைகள். ஒன்றில் குழந்தையின் துணிமணி, இன்னொன்றில் போர்டும் கருவிகளும். அவர் கையில் இருந்த ஒன்றைத் திறந்தேன். ஜட்டிகள்.

நான் அழவில்லை என்று பிரபு பின்னால் சொன்னார். அழுதேன். நிறுத்தத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் நாரைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்: "பேக்க விட்டுட்டியளா? அதுக்கு எதுக்கு அழுதிய? கண்டக்டர் பாத்தா டீக்கடையில எறக்கிருவாரு. இங்கன அப்படித்தான்." அவளே தன் கைபேசியில் யாரையோ அழைத்தாள். "ஏலே, ஏழாம் நம்பர் வண்டி வருது. கறுப்பு பேக்கு ஒண்ணு சீட்டுல கெடக்காம். வாங்கி வையி. பிள்ளக்காரி ஒருத்தி அழுதுக்கிட்டு நிக்கா."

ஆட்டோ பிடித்து நான் மட்டும் போனேன். வழியில் தூறல். அடுத்த ஊர் டீக்கடையில் பை பத்திரமாக இருந்தது. இருந்த இடம்தான் பிரச்சினை. பால் கொதிக்கும் பாய்லரை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது.

"கம்ப்யூட்டர் சாமான்னு கண்டக்டர் சொன்னாரும்மா" என்றார் கடைக்காரர். "மழை தூறிச்சுல்லா. நனஞ்சிரப்பிடாதுன்னு சூடா வச்சிருக்கேன்."

தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் முதுகைப் போலிருந்தது பை. அவரைக் குறை சொல்ல ஒரு வழியும் இல்லை. கருப்பட்டிக் காபி ஒன்று கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் மேலாளரை அழைத்து நடந்ததை அப்படியே சொன்னேன். எதிர்முனையில் "ம்" என்ற சத்தம் மட்டும் வந்தது. "சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றார் பிரபு, நான் திரும்பி வந்து சொன்னதும். இருந்திருக்கலாம். பொருளுக்கு என்ன நேர்ந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியவள் நான்தான்.

நீரேற்று நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் கரையில் அது போலப் பல உண்டு. ஆற்றுக்குள்ளேயே ஐந்து கிணறுகள். பெரிய பீப்பாய்களை மணலில் நட்டுவைத்தது போல வட்டமாக நீருக்கு மேல் எழுந்து நிற்கின்றன. கரையிலிருந்து ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போகிறது ஓர் ஒடுங்கிய இரும்புப் பாலம். கிணறுகளில் ஊறும் நீரைக் கரைக்கு இழுத்து, சுத்தம் செய்து, எங்கெங்கோ இருக்கும் ஊர்களுக்கு அனுப்புகிறார்கள்.

வாசலில் பம்ப் ஆபரேட்டர் இசக்கி அண்ணாச்சி கைகூப்பி நின்றார். நேராக என் கணவரிடம் போனார். "வாங்க சார், வாங்க. உங்களத்தான் காலையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். பேனல தொறந்து வைக்கட்டா?"

பிரபு இடுப்பில் குழந்தையை ஏற்றிக்கொண்டு, "நான் பிள்ளை தூக்க வந்தவன் அண்ணாச்சி. என்ஜினீயர் அவங்க" என்றார்.

"சும்மா வெளையாடாதிய சார்."

"இல்லங்க, நிஜமாத்தான். எனக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு பிரபுவிடமே, "சரி, மேடத்துக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றார். ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்று நான் சொன்னேன். அதையும் எடுத்துவந்து பிரபு கையில் கொடுத்தார். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

சீரியல் போர்டு ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. கணினிக்கு மேல் இன்னொரு அடுக்காக ஏறி உட்காரும் உள்ளங்கை அகல அட்டை. அதிலிருந்து புறப்படும் இரண்டு ஒயர்கள் வழியாகத் தூரத்தில் இருக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் கணக்கை ஒப்பிக்கும். இங்கே அந்தக் கருவிகள் ஐந்து கிணறுகளிலும் நீர்மட்டத்தைப் பார்க்கும் சென்சார்கள். அவை பேசத் தொடங்கிவிட்டால் அண்ணாச்சி மணிக்கொரு தரம் பாலத்தில் நடந்துபோய்க் கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்க வேண்டியதில்லை.

மோட்டாரைக் கையால் ஓட்டும் நிலைக்கு மாற்றச் சொல்லிவிட்டுக் கணினியை அணைத்தேன். பெட்டியைத் திறந்து, அடுக்கைப் பிரித்து, புது போர்டைப் பொருத்தினேன். அதில் ஜம்பர் என்று அரிசியளவு துண்டுகள் உண்டு. ஒவ்வொரு போர்டும் தனக்கென ஒரு முகவரி சொல்ல வேண்டும். அதை இந்தத் துண்டுகளை இடம் மாற்றித்தான் சொல்ல முடியும். மூன்று தடவை சரிபார்த்தும், இயக்கியதும் திரை பாதியில் உறைந்து நின்றது. அண்ணாச்சி "அய்யய்யோ" என்றார். அணைத்துவிட்டு அடுக்கை மறுபடி பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஏற்கெனவே இருந்த ஒரு போர்டு அதே முகவரியை வைத்திருந்தது, அவ்வளவுதான். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு ஜம்பரைத் தள்ளிப் போட்டேன். கணினி எழுந்தது.

அடுத்தது சோதனை. போர்டில் ஒயர் செருகும் ஒரு வாயிலையும் இன்னொரு வாயிலையும் சிறு ஒயரால் இணைத்து, ஒன்றில் தட்டச்சு செய்தால் மற்றதில் வர வேண்டும். "மகிழினி" என்று அடித்தேன். மறுபுறம் "மகிழினி" என்று வந்தது. பத்துத் தடவை அடித்தேன், பத்துத் தடவையும் வந்தது. பாய்லர் ஒன்றும் செய்துவிடவில்லை.

சாப்பாடு அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்தது. கறுப்பு உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், அப்பளம். எங்கள் ஊரில் உளுந்து என்றால் இட்லிக்கும் வடைக்கும்தான். அதைத் தோலோடு சோற்றில் போட்டு வேகவைப்பார்கள் என்பதே எனக்குப் புதிது. "பால் குடுக்கிய பொம்பளைக்கு இடுப்புக்கு நல்லதுன்னு எங்க வீட்டுல சொல்லி விட்டா" என்றார், இப்போதும் பிரபுவிடம். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மகிழினி துவையலைத் தொட்டு நக்கினாள். எள் சூடாயிற்றே, வயிற்றுக்கு ஆகுமா என்று சாப்பாடு முடியும்வரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு ஆற்றிலிருந்து வந்த கேபிளை இணைத்தேன். ஒன்றும் வரவில்லை.

செய்தி போகும் வேகத்தைச் சரிபார்த்தேன். சென்சார்களின் எண்களைச் சரிபார்த்தேன். வரிசையின் கடைசியில் போட வேண்டிய மின்தடையைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். திரையில் இடையிடையே அர்த்தமில்லாத குறிகள் மட்டும் வந்து விழுந்தன. வெயில் ஆற்றின் மறுகரைக்குப் போகும்வரை அப்படியே.

மேலாளர் அவராகவே அழைத்தார். "என்னங்க ஆச்சு?"

சொன்னேன்.

"பாய்லர்தாங்க. போர்டு போச்சு."

"இல்ல சார். ரெண்டு வாயிலையும் இணைச்சுப் பார்த்தேன். நல்லா வேலை செய்யுது."

"சூட்டுல அடிவாங்கின போர்டு மேசை மேல பேசும். நீளக் கேபிள்ல போட்டா ஊமையாயிரும். நான் எத்தனை பார்த்திருக்கேன். விடுங்க, சுரேஷ் மதுரையில வேலைய முடிச்சுட்டான். நாளைக்கு மத்தியானம் புது போர்டோட அங்க இருப்பான். நீங்க குழந்தையக் கூட்டிட்டுப் பத்திரமா ஊர் வந்து சேருங்க."

"சுரேஷ் வேண்டாம் சார். கோளாறு வேற எங்கயோ இருக்கு. நான் கண்டுபிடிக்கிறேன்."

"எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது. "தெரியும்" என்றேன்.

அம்பாசமுத்திரத்தில் தங்கினோம். விடுதிக்குக் கீழே தோசை நன்றாக இருந்தது என்று பிரபு சொன்னார். "ஒருவேளை அவர் சொல்றது சரியா இருந்தா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "நீங்க தோசையச் சாப்பிடுங்க" என்றேன். அதே கேள்வியைத்தான் நானும் நிலையத்திலிருந்து கிளம்பிப் பேருந்தில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். சூட்டில் பலவீனமாகிப்போன போர்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பத்துத் தடவையில் ஒன்றாவது தவறியிருக்க வேண்டுமே?

மறுநாள் காலையில் போர்டைத் தொடவே இல்லை. கேபிளைக் கழற்றிவிட்டு, வெறும் ஒயரில், தொடர்பு இருந்தால் கத்தும் மல்டிமீட்டரை வைத்தேன். வெள்ளை, பச்சை என்று இரண்டு ஒயர்கள். வெள்ளைக்கும் தரைக்கும் தொடர்பில்லை. பச்சைக்கும் தரைக்கும் இடையில் மீட்டர் விடாமல் கத்தியது. பச்சை ஒயர் எங்கேயோ மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சியை அழைத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். கம்பிச் சட்டங்களின் இடைவெளியில் காலடியில் ஆறு ஓடுவது தெரிந்தது. கீழே பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு பார்த்துக்கொண்டே போனேன். முதல் கிணற்றின் பெட்டியை அண்ணாச்சி திறந்தார். இவ்வளவு நேர்த்தியாக ஒயர் கட்டிய பெட்டியைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. ஒவ்வொரு முனைக்கும் திருகில் மாட்டச் செம்புக் காது, ஒவ்வொரு வளைவும் ஒரே அளவு. பச்சை ஒயர் மட்டும் சென்சாருக்குப் போவதோடு நிற்காமல், அங்கிருந்து ஒரு துண்டு கிளம்பிப் பெட்டியின் எர்த்து திருகில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

வீட்டு ஒயரிங்கில் பச்சை என்றால் எர்த்து. நம் நாட்டில் எந்த எலெக்ட்ரீஷியனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் இந்தக் கேபிளில் பச்சை செய்தி கொண்டுபோகும் ஒயர். பூங்காவில் இரண்டு குழந்தைகள் ஏறி இறங்கும் பலகை போல வெள்ளை ஏறினால் பச்சை இறங்க வேண்டும், பச்சை ஏறினால் வெள்ளை இறங்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் பேச்சு. பலகையின் ஒரு முனையை மண்ணில் புதைத்துவிட்டால் யார் விளையாடுவது? ஒயர் கட்டியவர் ஐந்து பெட்டியிலும் புதைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒன்றில் இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர் மற்றதில் விட்டிருக்க மாட்டார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"அது எலெக்ட்ரீசியன் செல்லையா கட்டுன ஒயரு. அவரு இல்லாம அவுக்கப்பிடாது."

"ஒரே ஒரு திருகுதான் அண்ணாச்சி."

"ஒண்ணோ ஒம்பதோ. ஒருத்தன் போட்ட கனெக்சன அவன் முன்னாலதான் தொடணும். இங்கன எல்லாரும் அப்படித்தான் வேலை பாக்கோம். நாளைக்கு ஒருத்தனுக்குக் கரண்டு அடிச்சா யார் கை பட்டதுன்னு யாருக்குத் தெரியும்?"

நியாயம்தான். ஆனால் சுரேஷ் மதுரையிலிருந்து கிளம்பியிருப்பான். செல்லையாவோ ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்டப் போயிருந்தார். தொலைபேசியில் பின்னணியில் மேளம் முழங்க, "வாரேன், வாரேன்" என்றார். அந்த "வாரேன்" வருவதற்குள் மகிழினி தூங்கி எழுந்து, நிலையத்து நாய்க்குட்டியோடு சிநேகமாகி, அதன் வாலைப் பிடித்து இழுத்து, அழுது முடித்துவிட்டாள்.

செல்லையா மொபெட்டில் வந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் டெஸ்டர். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"பச்சைய எர்த்துல இருந்து எடுக்கணுமா? முடியாதும்மா."

"அது எர்த்து ஒயர் இல்ல அண்ணாச்சி. சிக்னல்."

"பச்சையில ஏது ரெண்டு பச்ச? இந்தப் பாலத்தப் பாத்தியளா? பூராவும் இரும்பு, பூராவும் ஈரம். முன்னால ஒருக்க இங்கன வேலை பாத்த கணேசன் பொட்டியில கைய வச்சான். கரண்டு தூக்கி எறிஞ்சுட்டு. ஆத்துக்குள்ள விழுந்தான், பொழச்சான். அன்னையில இருந்து எர்த்து குடுக்காம ஒரு பொட்டியையும் மூட மாட்டேன்னு இருக்கேன். கரையில உப்பும் கரியும் போட்டுக் குழி வெட்டி, வாரத்துக்கு ஒருக்க நானே தண்ணி ஊத்துதேன். நீங்க வந்து எடுன்னா எடுத்துருவேனா?"

அவர் குரல் உயர்ந்ததும் என் பழைய பழக்கம் தலைதூக்கியது. ஒருவேளை நான்தான் தப்போ? சுரேஷ் வரட்டும், போர்டை மாற்றட்டும், அப்போதும் வேலை செய்யாது, அப்போது அவனே கண்டுபிடிக்கட்டும். யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். அந்த எண்ணம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் என்னை உசுப்பியது.

"அண்ணாச்சி, உங்க எர்த்த நான் தொடவே இல்ல" என்றேன். "பெட்டிக்குன்னு தனியா இரும்புப் பட்டை போட்டிருக்கீங்க இல்லையா? பாலத்துக் கைப்பிடியோட ஓடுது. பெட்டிக்கு எர்த்து அதுல போகுது. பச்சையக் கழட்டினதும் மீட்டரப் பெட்டி மேலயும் பட்டை மேலயும் வைங்க. எர்த்து கொஞ்சம் குறைஞ்சாலும் நான் இன்னைக்கே ஊருக்குப் போயிடறேன்."

இசக்கி அண்ணாச்சி சிரித்தார். "வச்சுத்தான் பாருமே வே. அந்தப் பிள்ள இவ்வளவு தூரம் சொல்லுது."

"உமக்கு என்ன வே, நீரு உள்ளார ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பீரு" என்று முணுமுணுத்துக்கொண்டே செல்லையா திருகைக் கழற்றினார். மீட்டரை என் கையிலிருந்து வாங்காமல் தன்னுடையதையே எடுத்தார். பெட்டியில் ஒரு முனை, பட்டையில் ஒரு முனை. கத்தியது. இன்னொரு மூலையில் வைத்தார். அங்கேயும் கத்தியது. மூன்றாவது இடம் தேடினார்.

முதல் கிணற்றுக்கு அப்பால் போகும் கேபிளை அவரைக் கொண்டே தற்காலிகமாகக் கழற்றவைத்தேன். மற்ற நான்கு பெட்டிகளிலும் பச்சை இன்னும் மண்ணில்தான் இருக்கிறது. பிறகு மூவரும் கரைக்கு வந்தோம். கணினியின் முன் உட்கார்ந்து இயக்கினேன். ஒன்றாம் எண் கிணற்றின் கட்டத்தில் ஓர் எண் வந்தது. மூன்று புள்ளி ஒன்று நான்கு மீட்டர்.

அண்ணாச்சி நாடாவை எடுத்துக்கொண்டு பாலத்தில் வேகமாக நடந்தார். கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "மூணு பதினாலு! ஏ செல்லையா, மூணு பதினாலு வே!"

செல்லையா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் பச்ச போட்டு எதுக்குக் கேபிள் செய்யுதான்?" என்று யாரோ முகம் தெரியாத தொழிற்சாலைக்காரனைத் திட்டினார். பிறகு, "சரி, மத்ததையும் எடுத்துருவோம். ஆனா பச்சையா விட மாட்டேன். நாளைக்கு எவனாச்சும் வந்து பாத்துட்டு, செல்லையா எர்த்து குடுக்க மறந்துட்டான்னு சொல்லிருவான்" என்றார். பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்து, பச்சை ஒரு பொட்டுக்கூடத் தெரியாதபடி சுற்றத் தொடங்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் அவர் கழற்ற, நான் மீட்டர் பிடிக்க, அவர் சுற்ற, பாலத்தில் மெல்ல மெல்ல நகர்ந்தோம். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

நான்காவது கிணற்றில் இருந்தபோது கரையிலிருந்து பிரபு கையசைத்தார். பக்கத்தில் சுரேஷ். நான் விடுப்பில் இருந்தபோது சேர்ந்த பையன், நல்லவன். கையில் உறை பிரிக்காத புது போர்டு. "அக்கா, என்னைய அனுப்பிட்டாருங்க. நான் என்னங்க பண்றது?" என்றான் நான் கரைக்கு வந்ததும். பாவமாக இருந்தது.

ஐந்தாவது பெட்டியையும் முடித்து, முதல் கிணற்றில் கழற்றிய கேபிளை மறுபடி மாட்டவைத்துவிட்டு வந்து கணினியை இயக்கினேன். ஐந்து கட்டங்களிலும் எண்கள். ஒன்று மாறியது, இன்னொன்று மாறியது. எழுந்து நிற்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் மேலாளரை அழைத்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அஞ்சும் வருது சார். கேபிள்ல பச்சை ஒயர எர்த்துல போட்டிருந்தாங்க. சரி பண்ணியாச்சு."

"ரொம்ப நல்லதுங்க" என்றார். உண்மையாகவே மகிழ்ந்தார். "சுரேஷ் வந்துட்டான் இல்லையா? எதுக்கும் அந்தப் போர்ட மாத்திருங்க. பாய்லர்ல இருந்தது, நம்ப முடியாது. போர்டு பழுது, மாற்றி அமைத்தோம்னு முடிச்சுடுவோம். யாருக்கும் சிக்கல் இல்ல."

பிரபு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சுரேஷ் உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

மாற்றுவது எளிது. பாதுகாப்பும்கூட. மாற்றினால் நாளை எந்த ஊரில் குழாய் காற்றை ஊதினாலும் அதற்கு நான் காரணமில்லை. ஆனால் நான் கொண்டுவந்தது பழுது, சுரேஷ் வந்து சரிசெய்தான் என்று ஆகிவிடும். எங்கள் அலுவலகத்தில் அடுத்த தடவை யாரை அனுப்புவது என்று பேசும்போது அந்த ஒரு வரிதான் மேசைக்கு வரும். அது உண்மையும் இல்லை.

"மாத்தல சார்."

"ஏனுங்க?"

"போர்டு பழுதில்ல. பழுதில்லாததக் கழட்ட மாட்டேன்."

"சூடு பட்டதுங்க. நாளைக்கு நின்னா?"

"நின்னா நான் வந்து பார்க்கிறேன். என் பொறுப்பு."

"குழந்தைய வச்சுக்கிட்டு மறுபடியும் அவ்வளவு தூரமா?"

"இப்பவும் குழந்தைய வச்சுக்கிட்டுத்தான் சார் வந்தேன்."

அண்ணாச்சி பக்கவாட்டில், "ஓடுதத எதுக்குக் கழட்டணும்?" என்று செல்லையாவிடம் கேட்டார். கேட்கும்படியாகத்தான் கேட்டார். எதிர்முனையில் டக், டக் என்று சத்தம் கேட்டது. பேனாவை மூடித் திறக்கிறார் என்று நினைத்தேன்.

"இந்தப் போர்டு ஒரு மாசத்துல நின்னுதுன்னா, நான் சொன்னது சொன்னதுதான். கையேடு" என்றார்.

"சரி சார். நிக்கலேன்னா வெளியூர் வேலைக்கு என் பேரையும் சேர்த்துப் போடணும். முதல்ல வர்றது எந்த ஊர்னாலும் நான் போவேன்."

"கங்கைகொண்டான்ல ஒண்ணு வருது" என்றார். "பார்க்கலாம்."

"பார்க்கலாம் இல்ல சார். நான் போறேன்."

"சரிங்க. போங்க" என்று வைத்துவிட்டார்.

சுரேஷ் உறை பிரிக்காத போர்டைத் தன் பைக்குள் வைத்துவிட்டு, ஆற்றில் குளிக்கலாமா என்று கேட்டான். அண்ணாச்சி துண்டு எடுத்துக் கொடுத்தார். நான் பெட்டியின் உள்ளே கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். சூடு பட்ட போர்டு எந்தக் குறையும் இல்லாமல் விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் நின்றுவிட்டால் என்ற பயம் அப்போதும் இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. பெட்டியைப் பூட்டினேன்.